பென் டிரைவைக் கழற்றியதும் தொடங்க மறுக்கும் பழைய கணினி

கோர் 2 டுவோ செயலியும் 2 ஜிபி நினைவகமும் உள்ள பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவியிருக்கிறீர்கள். பென் டிரைவ் செருகியிருந்தால் தொடங்குகிறது. கழற்றிவிட்டால் ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்ற வரியும் அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற வரியும் தோன்றி அப்படியே நின்றுவிடுகிறது. சில நாள் காலையில் கடிகாரம் 2008ஆம் ஆண்டைக் காட்டுகிறது. மூன்று முறை நிறுவியும் பயனில்லை என்கிறீர்கள். தயவுசெய்து நான்காம் முறை நிறுவாதீர்கள். உங்கள் லினக்ஸ் வன்தட்டில் முழுமையாகவே இருக்கிறது. அதை எழுப்பிவிட வேண்டிய ‘கிரப்’ என்னும் சிறு துவக்க நிரல் மட்டும் தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

குடியாத்தத்தில் அச்சு வேலைக்கான தட்டச்சுக் கடை நடத்துகிறேன். பழைய கணினிகளை லினக்ஸில் ஓட வைப்பது பல ஆண்டுகளாக என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளையும் என் கையாலேயே சரிசெய்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களுடையது போன்ற பழைய கணினிகளில் பெரும்பாலானவை பழைய பயாஸ் முறையில்தான் தொடங்குகின்றன. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிரல்தான் பயாஸ். பயாஸுக்கு லினக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. தனக்குக் குறித்துக் கொடுத்த வரிசையில் முதலில் நிற்கும் வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்கே உள்ள நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வட்டு எந்தெந்தப் பகுதிகளாக (பகிர்வுகளாக) பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பகிர்வு அட்டவணையும் அதே இடத்தில் இருப்பதால், நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட்டுகள் மட்டுமே. அந்தக் குறுகிய இடத்தில் கிரப் தன் முதல் துண்டை வைக்கிறது. மீதித் துண்டுகளை அது அடுத்தடுத்துத் தேடிச் செல்கிறது. நிறுவும்போது, பகிர்வுகளை நாமே பிரிக்கும் திரையின் அடிப்பகுதியில், துவக்க நிரலை எந்த வட்டில் எழுதுவது என்று ஒரு சிறிய பெட்டி கேட்கும். நிறையப் பேர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பழைய கணினிகளில் சில, பென் டிரைவையே முதல் வட்டாக எண்ணிக்கொள்ளும். அப்போது அந்தப் பெட்டியிலும் பென் டிரைவின் பெயரே நிற்கும், கிரப்பும் அங்கேயே எழுதப்படும். உங்கள் வன்தட்டின் முகப்பில் இருப்பது முந்தைய நிறுவலின்போது எழுதப்பட்ட பழைய துண்டு. இப்போது இல்லாத ஒரு பகிர்வைத் தேடி, கிடைக்காமல் திகைத்து நிற்பது அதுதான்.

சரிசெய்வதற்குப் பத்து நிமிடம் போதும். பென் டிரைவைச் செருகியே கணினியைத் தொடங்குங்கள். உள்ளே நுழைந்ததும், கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையைக் கொடுத்தால் வட்டுகளின் பெயரும் கொள்ளளவும் தெரியும். அதிகக் கொள்ளளவைக் காட்டுவது வன்தட்டு, மிகக் குறைவாகக் காட்டுவது பென் டிரைவ். வன்தட்டின் பெயர் ‘எஸ்டிபி’ என்றிருந்தால் ‘சூடோ கிரப்-இன்ஸ்டால்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ‘/டெவ்/எஸ்டிபி’ என்று சேருங்கள். இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பெயரின் முடிவில் எண் சேர்க்கக் கூடாது. எண் சேர்த்தால் அது வட்டை அல்ல, அதன் ஒரு பகிர்வைக் குறிக்கும். பிழையில்லாமல் முடிந்ததாகச் செய்தி வந்ததும் ‘சூடோ அப்டேட்-கிரப்’ கொடுங்கள். அதன்பின் பலரும் விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது: ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி’ கொடுத்து, கடைசியில் வரும் பட்டியலில் பென் டிரைவின் குறியை நீக்கி வன்தட்டைக் குறியிடுங்கள். இதைச் செய்யாவிட்டால், பின்னொரு நாள் கிரப் புதுப்பிக்கப்படும்போது அது மறுபடியும் பென் டிரைவையே தேடும்.

‘பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை’ என்று கிரப்-இன்ஸ்டால் மறுத்தால், வன்தட்டு ஜிபிடி என்னும் புதிய வகைப் பகிர்வு அட்டவணை முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பகிர்வுகளைப் பிரிக்கும் ஜிபார்ட்டட் செயலியில் 1 எம்பி அளவில் ஒரு பகிர்வை உருவாக்கி, வடிவமைக்காமல் விட்டு, அதற்கு ‘பயாஸ்-கிரப்’ என்ற கொடியைக் கொடுத்த பிறகு மீண்டும் முயலுங்கள்.

கடிகாரத்துக்கு வருவோம். காட்பாடியில் இருக்கும் என் அக்கா மகள் ஒரு வாரம் விடாமல் காலையில் தொலைபேசியில் அழைத்தாள். “நேத்து ராத்திரி நல்லா இருந்துச்சு மாமா, காத்தால போட்டா ஆப்பரேட்டிங் சிஸ்டமே இல்லன்னுது” என்பாள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெரு என்பதால், அக்கா தினமும் படுக்கும் முன் கணினிக்குச் செல்லும் சுவிட்சை அணைத்துவிடுவார். நேரில் போய்த் தொடக்கத்திலேயே ‘டெலீட்’ விசையை அழுத்திப் பார்த்தேன். நீலத் திரையில் மஞ்சள் எழுத்தில் ஜனவரி 1, 2008 என்று இருந்தது. பக்கப் பலகையைக் கழற்றினால், தூசிக்கு நடுவே ஒரு சிறிய நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி. மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்ட வேண்டியது 2 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. பயாஸின் நினைவைக் காக்க வேண்டிய பேட்டரி வலுவிழந்ததால், சுவிட்ச் அணைந்ததும் பயாஸ் நேரத்தோடு துவக்க வரிசையையும் மறந்து, லினக்ஸ் இல்லாத இரண்டாவது வன்தட்டை முதலில் போய்ப் பார்த்திருக்கிறது. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் சிஆர்2032 என்று கேட்டு வாங்கி மாற்றினேன். அன்றோடு காலை அழைப்புகள் நின்றன. உங்கள் கணினியிலும் அதே பேட்டரிதான் இருக்கக்கூடும். மின் இணைப்பை முழுவதும் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி மாற்றுங்கள். பிறகு பயாஸில் தேதியைத் திருத்தி, வன்தட்டை வரிசையில் முதலில் வைத்துச் சேமியுங்கள். பேட்டரியை மாற்றாமல் கிரப்பை மட்டும் சரிசெய்தால், மறுநாள் காலையில் வேறொரு பிழை வந்து நீங்கள் மறுபடியும் நிறுவத் தொடங்கிவிடுவீர்களோ என்று அஞ்சியே இதை அழுத்திச் சொல்கிறேன்.

கிரப் மெனுவைக் கடந்தபின் திரை கருத்துப்போனால் அது வேறு சிக்கல். பெரும்பாலும் பழைய கிராபிக்ஸ் அட்டையைச் சார்ந்தது. மெனுவில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் ‘நோமோட்செட்’ சேர்த்து, எஃப்10 அழுத்திப் பாருங்கள். 64 பிட் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம். கோர் 2 டுவோ அதைத் தாங்கும்.

இத்தனைக்குப் பிறகும் நின்றால், திரையின் கடைசி வரியை எழுத்து மாறாமலும், ‘எல்எஸ்பிஎல்கே’ காட்டுவதை முழுதாகவும் இங்கே எழுதுங்கள். அதற்குள், மின்டில் உள்ள ‘டிஸ்க்ஸ்’ செயலியில் வன்தட்டைத் தேர்ந்து, அதன் உடல்நிலையைக் காட்டும் ‘ஸ்மார்ட்’ விவரத்தைத் திறந்து பாருங்கள். ‘ரீஅலோகேட்டட் செக்டர்’ எண்ணிக்கை, அதாவது பழுதாகி மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கை, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால், கிரப்பைத் தொடுவதற்கு முன்பே உங்கள் கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றிவிடுங்கள்.