பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா?

"திருப்பத்தூர் சாலையில் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு சித்தப்பா சரியாகத் தூங்குவதே இல்லை. செர்ட்ராலினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்தால் சீக்கிரம் குணமாகுமா?" என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

கூடும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை செர்ட்ராலின், பராக்ஸிடின் என்ற இரண்டு மனச்சோர்வு மருந்துகள்தான். இவை பலருக்கும் ஓரளவுதான் கைகொடுக்கின்றன. அதனால்தான் கூட ஒன்றைச் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

சோதனை இப்படி நடக்கும். எல்லாருக்கும் செர்ட்ராலின் உண்டு. ஒரு பிரிவினருக்கு அதோடு ப்ரெக்ஸ்பிப்ரசோல் என்ற வேறொரு மனநல மருந்து, இன்னொரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. போலி எதற்கு? நாள் போகப் போக, அக்கறையாக ஒருவர் விசாரித்தாலே மனம் கொஞ்சம் ஆறும். அந்த ஆறுதலைக் கழித்தால்தான் மருந்தின் பங்கு தெரியும். இந்தச் சேர்க்கை ஒரு பெரிய சோதனையில் முந்தியது, மற்றொன்றில் வித்தியாசம் காட்டவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் (FDA) ஆலோசனைக் குழு, 10 வாக்குக்கு எதிராக 1 வாக்கு மட்டுமே என்ற கணக்கில், ஆதாரம் போதாது என்றது. முன்னாள் படைவீரர்களுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்தைச் சேர்த்துப் பார்த்த 2011 ஆய்விலும் போலி மாத்திரையை அது மிஞ்சவில்லை.

என் கருத்தில், அதிர்ச்சியை மையமாக வைத்து, மனநல நிபுணரோடு பேசிப் பெறும் சிகிச்சையை முதலில் கேளுங்கள்; அதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச தொலைபேசி எண்ணும் உண்டு. அப்புறம், இப்போது சாப்பிடும் மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.