பொத்தானை வைத்ததும் செயலி மூடிக்கொள்கிறதே?

கேள்வி: கொக்குவிலில் பனம்பொருள் கடை வைத்திருக்கிறோம். ஒடியல் மா, பனாட்டு ஓடர் எடுக்க ஆண்ட்ராய்ட் செயலி ஒன்றை நானே எழுதி வருகிறேன். பழைய பொத்தான்கள் எடுப்பாக இல்லை என்று பொத்தான் போன்ற திரை உறுப்புகளை ஆயத்தமாகத் தரும் கூகுளின் மெட்டீரியல் கொம்போனன்ட்ஸ் லைப்ரரியைச் சேர்த்தேன். நிரலைச் செயலியாகக் கட்டும் பில்ட் பிழையின்றி முடிகிறது. ஆனால் புதிய பொத்தான் உள்ள திரையைத் திறந்ததும் செயலி மூடிக்கொள்கிறது. லைப்ரரியின் பதிப்பை மூன்று முறை மாற்றியும் பயனில்லை.

பதில்: பதிப்பை இனித் தொடாதீர்கள், பிழை அங்கே இல்லை. செயலியின் பிழைகளைக் காட்டும் லாக்கேட்டில் சிவப்பாகக் கொட்டுகிற வரிகளில் முதல் வரியோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். திரையின் அமைப்பான லேஅவுட்டை விரிக்க முடியவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. கீழே இறங்கி, காரணம் சொல்லும் கடைசி வரியைப் பாருங்கள். செயலியின் தீம், அதாவது முழுத் தோற்றத்தையும் வரையறுக்கும் தொகுப்பு, மெட்டீரியல் தீமாகவோ அதன் வழிவந்ததாகவோ இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும்.

பில்ட்டை நடத்தும் கிரேடில் கோப்பில் சேர்த்த வரி, லைப்ரரியின் நிரலைக் கொண்டுவந்து போடுவதோடு சரி. பொத்தானோ தன் நிறம், மூலை வளைவு, எழுத்தளவு எல்லாவற்றையும் தீமிடம் கேட்டுத்தான் வரைகிறது. உங்கள் தீம் இன்னும் ஆப்காம்பட் என்ற பழைய லைப்ரரித் தீமின் பிள்ளையாக இருக்கும். பொத்தான் கேட்கிற பெயர்கள் அதனிடம் இல்லை. தீம் கோப்பில் 'பேரன்ட்' (தாய்த் தீம்) என்ற இடத்தில், மெட்டீரியலின் மூன்றாம் தலைமுறையான மெட்டீரியல்3 தீமைக் கொடுங்கள். மற்றத் திரைகளின் தோற்றமும் மாறிவிடுமே என்று தயங்கினால், மெட்டீரியல் கொம்போனன்ட்ஸ் தீம்களில் 'பிரிட்ஜ்' என்று முடிகிற வகை உண்டு. பழைய தோற்றத்தைக் கலைக்காமல் புதிய பொத்தான்களுக்கும் இடம் கொடுக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் செயலியில் நான் அதைத்தான் முதலில் போடுவேன். செயலியின் திரைகளைப் பட்டியலிடும் மெனிஃபெஸ்ட் கோப்பில் ஏதாவதொரு திரைக்குத் தனித் தீம் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லையேல் அந்தத் திரை மட்டும் தொடர்ந்து விழும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தீம் சரியானதும் அடுத்து அதில்தான் தடுக்குவீர்கள். பழைய மெட்டீரியல் பொத்தானில் எழுத்துகளுக்கிடையே எழுத்தளவில் ஏறத்தாழ 0.09 பங்கு இடைவெளி வைத்திருப்பார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது அழகு. 'ஓடர் செய்க' என்று எழுதிப் பாருங்கள், சொல் சிதறிக் கிடக்கும். அந்த இடைவெளியைப் பூச்சியமாக்குங்கள். மெட்டீரியல்3இல் இடைவெளி மிகக் குறைவு, உறுத்தாது. இன்னொன்று, ஆண்ட்ராய்டின் வழக்கமான ரொபோட்டோ எழுத்துருவில் தமிழ் கிடையாது. தமிழுக்கு ஆண்ட்ராய்ட் நோட்டோ எழுத்துருவை எடுத்துக்கொள்வதால் சொற்கள் நீங்கள் நினைத்ததைவிட அதிக இடம் பிடிக்கும். ஆகவே பொத்தானின் உயரத்தை எண்ணால் கட்டிப்போடாமல், உள்ளிருப்பதற்கேற்ப வளர விடுங்கள். கீழ்ப்பட்டியில் 'வாடிக்கையாளர் சேவை' வெட்டுப்படும், 'உதவி' போதும்.

கைபேசியின் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பனாட்டு வாங்கும் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.