பவளத் தொட்டிக்கு எந்த டியூப் போடுறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். வீட்டுல 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல கடல் தண்ணி தொட்டி வெச்சிருக்கேன். ரெண்டு க்ளௌன் மீன், அப்புறம் கோரல்ல (பவளம்) மஷ்ரூம், பொத்தான் மாதிரி பூக்கற ஜோவாந்திட், ஒரு லெதர் கோரல், போன மாசம் வாங்கின ஒரு ஹேமர் கோரல் இருக்கு. மூடியில பழைய 36 வாட் டி8 டியூப் ரெண்டு தான். ஜோவாந்திட் எல்லாம் கழுத்து நீண்டுகிட்டே போகுது, லெதர் பிரவுன் ஆயிடுச்சு. ஒரு கடையில இன்னும் ரெண்டு டி8 சேர்த்துக்கங்கன்னு சொல்றாங்க, இன்னொரு கடையில 4 டியூப் டி5 வாங்குன்னு சொல்றாங்க. லிட்டருக்கு எத்தனை வாட் வேணும், என்ன கலர் டியூப் போடணும்? (ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: தம்பி, ஜோவாந்திட் கழுத்து நீள்றதுன்னா அது வெளிச்சத்துக்கு ஏங்குதுன்னு அர்த்தம், ஜன்னல் ஓரம் வெச்ச செடி வெளிச்சத்த பாத்து சாயுமே, அதே கதை தான். கோரலோட சதைக்குள்ள ஜூசாந்தெல்லேன்னு ஒரு நுண்பாசி குடியிருக்கு, அது வெளிச்சத்துல சமைச்சு போடுற சாப்பாட்டுல தான் கோரல் பெரும்பாலும் வாழுது. வெளிச்சம் குறைஞ்சா அந்த பாசி தன்னோட பச்சையத்த கூட்டிக்கும், எண்ணிக்கையிலயும் பெருகும், அதனால தான் உங்க லெதர் பிரவுனா தெரியுது. தண்ணியில நைட்ரேட் ஏறினாலும் இதே பிரவுன் வரும், அதனால லைட் வாங்குறதுக்கு முன்னாடி அதையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க.

லிட்டருக்கு இத்தனை வாட்ங்கற கணக்க தயவுசெஞ்சு விட்டுடுங்க. வாட்ங்கறது கரண்ட் எவ்வளவு இழுக்குதுன்னு தான் சொல்லும், கோரல் மேல எவ்வளவு விழுதுன்னு சொல்லாது. டியூப் வெளிச்சத்த சுத்திலும் எல்லா பக்கமும் வீசும், பாதி கூரைய பாத்து போயிடும், அத திருப்பி கீழ அனுப்புறது ரிஃப்ளெக்டர் வேலை. டி8 டியூப் 26 மில்லிமீட்டர் தடிமன், டி5 வெறும் 16 மில்லிமீட்டர். தடியா இருக்கற டியூப்புக்கு பின்னாடி போன வெளிச்சம் திரும்பி வரும்போது அந்த டியூப் மேலயே மோதி வீணாகும், ஒல்லி டியூப்ல பக்கவாட்டுல நழுவி கீழ வந்துடும். அதனால ஒவ்வொரு டியூப்புக்கும் தனித்தனியா வளைஞ்ச ரிஃப்ளெக்டர் இருக்கற டி5 செட் தான் வாங்கணும், நாலு டியூப்புக்கும் சேர்த்து தட்டையா ஒரே தகடு போட்டது விலை கம்மியா கிடைக்கும், அத வாங்கிடாதீங்க. நான் இத அழுத்தி சொல்றதுக்கு காரணம், நல்ல ரிஃப்ளெக்டரோட இருக்கற 4 டியூப் செட், தகடு மட்டும் வெச்ச 6 டியூப் செட்டுக்கு ஈடா நிக்கும், கரண்ட் பில்லும் மிச்சம்.

உங்க தொட்டிக்கு 54 வாட் டி5 ஹெச்ஓ (ஹை அவுட்புட், அதிக வெளிச்சம் தர்ற வகை) 4 டியூப் போதும். அந்த டியூப் 1149 மில்லிமீட்டர் நீளம், 4 அடி தொட்டி மேல கச்சிதமா உக்காரும். மொத்தம் 216 வாட். இதுல மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர், ஹேமர் எல்லாம் நல்லாவே இருக்கும். அக்ரோபோரா மாதிரி எஸ்பிஎஸ் (சின்ன வாய் உள்ள கல் பவளம்) வளர்க்க ஆசை வந்தா தான் 6 டியூப், 8 டியூப்னு போகணும்.

அளந்து பாக்கணும்னா பார் மீட்டர் தான் சரி. லக்ஸ் மீட்டர் மனுஷ கண்ணுக்கு ஏத்த மாதிரி பச்சை மஞ்சளுக்கு தான் அதிகம் மதிப்பு குடுக்கும், நீல டியூப்புக்கு கீழ வெச்சா ஏதோ இருட்டு மாதிரி காட்டும், ஆனா கோரலுக்கு அங்க விருந்தே நடந்துட்டு இருக்கும். பார்ங்கறது 400லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும் இருக்கற ஒளித்துகள்கள எண்றது. மஷ்ரூம் மாதிரி சாஃப்ட் கோரலுக்கு (கல் கூடு இல்லாதது) பார் 50லேர்ந்து 100, ஹேமர் மாதிரி எல்பிஎஸ்க்கு (பெரிய வாய் உள்ள கல் பவளம்) 100லேர்ந்து 150, எஸ்பிஎஸ்க்கு 200லேர்ந்து 350, இது தொட்டி வெச்சிருக்கறவங்க பொதுவா வெச்சுக்கற கணக்கு. வெயில் உச்சியில கடல் மேல்மட்டத்துல 2000 பக்கம் இருக்கும், அத வீட்டுல பிடிக்கணும்னு யாரும் நினைக்க வேண்டாம். மீட்டர் விலை ஜாஸ்தி, அதனால நாலு பேரு சேந்து வாங்கி மாத்தி மாத்தி வெச்சுக்கறது தான் நல்லது. வாங்கும்போது நீலத்த குறைச்சு காட்டாத முழு ஸ்பெக்ட்ரம் மாடலானு கேட்டுக்கங்க.

இப்ப கலர். கடல்ல சிவப்பு வெளிச்சம் முதல் சில மீட்டர்லயே கரைஞ்சிடும், நீலம் தான் ஆழம் வரைக்கும் இறங்கும், கோரல் அதுக்கு பழகினது, பாசியில இருக்கற பச்சையமும் 430 நானோமீட்டர் பக்கம் நல்லா உறிஞ்சும். அதனால நீலம் முக்கால், வெள்ளை கால்னு வெச்சுக்கங்க. 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்த சொல்ற அளவு) டேலைட் டியூப் மட்டும் போட்டா கோரல் செத்துடாது, வளரவும் செய்யும், ஆனா மஞ்சளா பொலிவில்லாம தெரியும், பாறையில பாசியும் வரும். ஏடிஐங்கற கம்பெனி டியூப் கிடைச்சா முன்னாடிலேர்ந்து பின்னாடி இப்படி போடுங்க: ப்ளூ பிளஸ், கோரல் பிளஸ், ப்ளூ பிளஸ், பர்ப்பிள் பிளஸ். கோரல் இருட்டுல மினுங்கற மாதிரி வேணும்னா பர்ப்பிளுக்கு பதில் 420 நானோமீட்டர்ல இருக்கற ஆக்டினிக்ங்கற ஊதா நீல டியூப் போடலாம், ஆனா அது கண்ணுக்கு மங்கலா தான் தெரியும், பாத்துட்டு வேலை செய்யலன்னு நினைச்சிடாதீங்க. வேற பிராண்டா இருந்தாலும் பெட்டி மேல போட்ட கெல்வின் நம்பர நம்பாதீங்க, 14000, 20000னு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி போடும், எந்த நிறம் எவ்வளவுன்னு காட்டற ஸ்பெக்ட்ரம் படம் இருந்தா அத பாருங்க.

இனிமே சொல்றது தான் ரொம்ப முக்கியம். புது செட் மாட்டின அன்னிக்கே முழுசா போட்டு விட்டுடாதீங்க. நானும் ஒரு காலத்துல சிங்கப்பூர்ல தான் வேலையில இருந்தேன், அப்ப எனக்கு 3 வருஷமா ஒரு லெதர் இருந்துச்சு, பழைய டி8லேர்ந்து டி5க்கு மாறின அன்னிக்கே 10 மணி நேரம் எரிய விட்டேன், நாலு நாள்ல சுருங்கி போச்சு, அடுத்த வாரம் வெளுத்து பாறையோட ஒட்டி கிடந்தது, காப்பாத்த முடியல. அந்த பாசிக்கு திடீர்னு வெளிச்சம் கூடினா உள்ளுக்குள்ள நச்சு ஆக்சிஜன் உண்டாகும், கோரல் பாசிய துப்பிடும், அது தான் வெளுக்கறது. 2016ல மன்னார் வளைகுடாவுல வெப்பத்தால வெளுத்த பவளமும் இப்படி தான் பாசிய இழந்தது. அதனால முதல் வாரம் 4 மணி நேரம் மட்டும், இல்ல தொட்டி மேல கொசு வலை ரெண்டு மடிப்பு போட்டு வாரத்துக்கு ஒண்ணா எடுங்க. டைமர் ரெண்டு வெச்சு நீலம் 11 மணி நேரம், எல்லாம் சேந்து 7 மணி நேரம்னு மெதுவா போய் சேருங்க. லைட் தண்ணிக்கு மேல ஒரு முக்கால் அடி விட்டு தொங்கட்டும், உப்பு தெறிச்சு ரிஃப்ளெக்டர் மங்கிடும், மாசம் ஒரு தடவ ஈரத்துணியால தொடைங்க. உங்க ஊர் சூட்டுக்கு ஃபேன் போட்டு தண்ணி 26 டிகிரிக்கு வருதானு பாருங்க, வரலன்னா சில்லர் (தண்ணிய குளிர வைக்கற மெஷின்) வேணும், டி5 நல்லாவே சூடு கிளப்பும்.

கேள்வி: சார், ஒருத்தர்ட்ட 54 வாட் டி5 4 டியூப் செட் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், டியூப் எல்லாம் கறுத்து போச்சு. எலக்ட்ரிக் கடையில 28 வாட் டி5 விலை கம்மியா இருக்கு, நீளமும் ஒண்ணு தான், கரெக்டா மாட்டுது. போடலாமா? அப்புறம் கல் பவளம் எங்க கிடைக்கும்? (கொளத்தூர், சென்னை)

பதில்: மாட்டும், ஆனா போடாதீங்க. அந்த 28 வாட் டியூப் 170 மில்லி ஆம்பியருக்கு செஞ்சது, உங்க செட்ல இருக்கற பேலஸ்ட் (சோக்) 460 மில்லி ஆம்பியர் தள்ளும். நுனி சீக்கிரம் கறுத்துடும், நல்ல பேலஸ்ட்டா இருந்தா தானே அணைஞ்சிடும், இல்லனா ஹோல்டர் உருகலாம். தண்ணிக்கு மேல தொங்கற சாமானத்துல இந்த விளையாட்டு வேண்டாம். 54 வாட் ஹெச்ஓன்னு டியூப் மேல எழுதியிருக்கணும், ஆன்லைன்ல தேடினா அக்வேரியத்துக்குனு கிடைக்கும். சாக்கெட்ல உப்பு பச்சையா பூத்திருந்தா அதையும் மாத்துங்க, தொட்டி லைனுக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானே அணைக்கற பிரேக்கர்) கட்டாயம் போடுங்க. 216 வாட்டும் 9 மணி நேரம் எரிஞ்சா மாசம் 58 யூனிட் பக்கம் ஆகும், ரெண்டு மாச பில்லுக்கு 117 யூனிட் பக்கம் வரும், அத மனசுல வெச்சுக்கங்க.

ரெண்டாவது கேள்விக்கு பதில் ரொம்ப நேரா சொல்றேன். நம்ம நாட்டுல கல் பவளம் எல்லாமே, கூடவே கடல் விசிறி, கருப்பு பவளம், நெருப்பு பவளம், 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தோட முதல் அட்டவணையில 2001லேயே சேத்தாச்சு. புலிக்கு என்ன சட்டமோ அதே தான் அதுக்கும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்கற 21 தீவ 1986ல கடல் தேசிய பூங்கா ஆக்கியிருக்கோம், அங்கேருந்து ஒரு கல்ல உடைச்சு யாராவது உங்க வீட்டுக்கு கொண்டு வந்தா நானும் அதுக்கு துணை போனவனா ஆயிடுவேன். அதனால கேக்காதீங்க, வாங்காதீங்க. இப்ப இருக்கற செட்ட வெச்சு மீனும் கடல் செடியுமா ஒரு தொட்டி கட்டுங்க, கௌலெர்பா மாதிரி பாசி இந்த வெளிச்சத்துல அருமையா வளரும், பாக்கவும் அழகு.

கேள்வி: 14 மாசமா அதே டி5 டியூப் எரியுது, வெளிச்சம் நல்லா தான் தெரியுது, மாத்தணுமா? ஃப்ளோரசன்ட்டே நிக்கப் போகுதுங்கறாங்களே, எல்ஈடிக்கு போயிடவா? (ஸ்காபரோ, கனடா)

பதில்: மாத்துங்க. உள்ள பூசின பாஸ்பர் (வெளிச்சம் தர்ற பொடி) தேய தேய வெளிச்சமும் குறையும், நிறமும் நகரும், தினமும் பாக்கற கண்ணுக்கு அது தெரியாது. 9லேர்ந்து 12 மாசத்துக்குள்ள மாத்துறது நல்லது, ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா மேல சொன்ன லெதர் கதை தான், மூணு வாரத்துக்கு ஒரு டியூப்னு போங்க. டியூப் மேல மார்க்கர்ல தேதி எழுதிடுங்க.

நிக்கப் போகுதுங்கறது பாதி உண்மை. பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்தத்துல 2023ல கூடினப்ப, பொது வெளிச்சத்துக்கான ஃப்ளோரசன்ட் குழல் விளக்க 2027க்குள்ள நிறுத்தணும்னு முடிவெடுத்தாங்க. அக்வேரியம் டியூப் விசேஷ உபயோகம், ஆனா பெரிய தொழிற்சாலைங்க லைன மூடினா சின்னதும் விலை ஏறும். இருக்கற செட் ஓடட்டும், அதோட நிழலே விழாத பரவலான வெளிச்சம் எல்ஈடியில அவ்வளவு சுலபமா வராது, கோரல் கிளைக்கு கீழயும் எட்டும். ரெண்டு நீல எல்ஈடி பட்டைய டியூப்புங்களுக்கு நடுவுல சேத்து மெதுவா மாறுங்க, மினுமினுப்பும் கிடைக்கும்.

கேள்வி: டியூப் மாத்தறப்ப கை தவறி உடைஞ்சுது, வீட்டுல குழந்தை இருக்கு, பயமா இருக்கு. (கிள்ளான், மலேசியா)

பதில்: பயப்படாதீங்கம்மா, ஒரு டியூப்ல சில மில்லிகிராம் பாதரசம் தான் இருக்கும். குழந்தைய வேற ரூமுக்கு அனுப்பிட்டு ஜன்னல் திறந்து, ஃபேன் ஏசி நிறுத்தி 10 நிமிஷம் வெளிய நில்லுங்க. வாக்குவம் கிளீனரும் விளக்கமாறும் வேண்டாம், தூள் பறக்கும். கையுறை போட்டு அட்டையால கண்ணாடிய அள்ளி, மிச்ச தூள ஈர பேப்பர்ல ஒத்தி எடுத்து, மூடி போட்ட பாட்டில்ல போட்டு மின்கழிவு வாங்குற இடத்துல குடுங்க. தொட்டிக்குள்ள துண்டு விழுந்திருந்தா முதல்ல பவர ஆஃப் பண்ணுங்க, துண்ட எடுத்துட்டு கால்வாசி தண்ணி மாத்துங்க, ஃபில்டர்ல இருக்கற கார்பன் புதுசா போடுங்க.