வேலையை விடுகிறேன் என்கிற மகனிடம் என்ன பேசுவது?

ஐயா,

மகன் ஐடி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் விடப்போகிறேன் என்கிறான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கல்விக் கடன் தலைக்கு மேல் இருக்கும்போது வரும் பயம் நியாயமானது. ஆனால் வேலையைப் பற்றிப் பேசும் முன்பு, மகனைப் பற்றி நீங்கள் எடுத்துவிட்ட முடிவைப் பேச வேண்டும்.

ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. நிறைய வாசிக்கிறவர்களுக்குத்தான் இன்றைய பிள்ளைகள் வாசிப்பதில்லை என்ற எண்ணம் அதிகமாக இருந்தது. இன்று தன்னிடம் இருக்கும் குணம் சின்ன வயதிலும் அப்படியே இருந்ததாக மனம் நம்பிவிடுவது அதற்கு ஒரு காரணம் என்றார்கள். முப்பது வருடம் ஒரே இடத்தில் வேலைபார்த்த உங்கள் பொறுமையும் அப்படித்தான். அதில் பெரும்பகுதி அந்த வருடங்களில் சேர்ந்தது. மகனுக்கு இப்போதுதான் எட்டு மாதம்.

இன்னொன்று, அன்று பொறுத்துப் போனதற்குப் பலன் இருந்தது. நிரந்தர வேலை, இன்கிரிமென்ட், கடைசியில் பென்ஷன். 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குத் தமிழக அரசே பழைய ஓய்வூதியத்தை நிறுத்தியது. பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிகளில் பெரும்பாலோரின் ஆண்டுச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக 3 முதல் 4 லட்சத்துக்குள்ளேயே நிற்கிறது. வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை. அவன் கணக்குப் போட்டுப் பார்க்கிறான், அவ்வளவுதான். அந்தக் கணக்கு தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கோழைத்தனம் என்று சொல்லக்கூடாது.

சரி, விட்டுவிடச் சொல்லலாமா? இப்போதே வேண்டாம். “ஏன் உன்னால தாங்க முடியல?” என்று கேட்டால் அவன் வாயை மூடிக்கொள்வான். “காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்லு” என்று கேளுங்கள். புராஜெக்ட் கிடைக்காமல் மாதக்கணக்கில் பெஞ்சில் இருக்கிறானா? அப்படியென்றால் வேலையை விடத் தேவையில்லை, சம்பளத்தோடு ஒன்றைக் கற்றுக்கொள்ளும் நேரம் அது. தொடர்ந்து நைட் ஷிஃப்ட் என்றால் ஷிஃப்ட் மாற்றம் கேட்டு மெயில் போடட்டும். எல்லோர் முன்னாலும் திட்டி அவமானப்படுத்தும் மேனேஜர் என்றால், தேதியோடு குறித்துவைத்து எச்.ஆரிடம் எழுத்தில் கொடுத்து டீம் மாற்றம் கேட்கட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் அவன் வெளியே வருவதில் தவறே இல்லை.

விடுவதென்றால் முறையாக விட வேண்டும். அடுத்த ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தபிறகு ராஜினாமா செய்வதே உங்கள் வீட்டு நிலைமைக்கு நல்லது. நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், இத்தனை காலம் வேலைபார்த்தே ஆக வேண்டும் என்ற பாண்ட் உண்டா என்று பாருங்கள். பல நிறுவனங்களில் நோட்டீஸ் 90 நாள். சொல்லாமல் நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அடுத்த கம்பெனி சரிபார்க்கும்போது சிக்கலாகும். பி.எஃப். பணத்தை எடுக்காமல், அதே யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) எண்ணிலேயே புதிய வேலைக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்ற நிலை இருந்தால் இந்த ஆலோசனையெல்லாம் அப்புறம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதை நாம் யாரும் பலவீனம் என்பதில்லை.

அடுத்த முறை அவன் ஊருக்கு வரும்போது சித்தப்பா, மாமா முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். தனியாக உட்கார்ந்து வங்கிக் கணக்கை அவனிடம் காட்டுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை கல்விக் கடன் தவணை தொடங்காமல் இருப்பது வங்கிகளில் பொதுவான நடைமுறை. உங்களுக்கு அது எந்த மாதம் தொடங்குகிறது, மாதம் எவ்வளவு வரும் என்று வங்கியில் கேட்டு எழுதி வையுங்கள். பல வீடுகளில் பிள்ளைக்கு இந்தத் தொகையே தெரியாது. தெரிந்தபிறகு அவன் எப்போது விடலாம் என்ற தேதியை இருவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.