பரண்மேல் இருக்கும் பெட்டி

அன்புள்ள அண்ணா,

பாட்டுக் கேட்க ஒரு டாக் (டிஜிட்டல் எண்களை ஒலியாக மாற்றும் கருவி) வாங்கியிருக்கிறேன். அதோடு சேர்க்க, சிடியைப் படித்து அனுப்புவதை மட்டும் செய்யும் சிடி டிரான்ஸ்போர்ட் வேண்டும். கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்சி, ஆடியோலேப் 6000சிடிடி, இரண்டில் எது? இரண்டையும் இணைக்க கோஆக்சியல் கம்பியா, ஆப்டிகல் கேபிளா? கேபிளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டுமா? ஜிட்டர் (டிஜிட்டல் சைகை வந்துசேரும் நேரத்தில் விழும் சிறு தடுமாற்றம்) பற்றிப் படித்ததிலிருந்து ஒரே குழப்பம். அப்பா சேர்த்த முந்நூறு சிடிக்கள் தகரப் பெட்டியில் பரண்மேல் இருக்கின்றன. கேசட்டிலிருந்து அவரே எழுதிவைத்த சில சிடிக்களும் அதில் உண்டு. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது.

ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள தம்பி,

இரண்டில் எதை வாங்கினாலும் குறையில்லை. கேபிளுக்கென்று பணம் ஒதுக்காதீர்கள். 75 ஓம் கோஆக்சியல் சாதாரணமானது ஒரு மீட்டர் போதும். எர்த் சரியில்லாமல் ஸ்பீக்கரில் 'உம்' என்று இரைந்தால் ஆப்டிகலுக்கு மாறுங்கள். அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், மின்தொடர்பு கிடையாது. ஜிட்டரை உங்கள் டாக் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தப் பெட்டிக்கு வருகிறேன். கேபிளுக்கு ஒரு கேள்வி, ஜிட்டருக்கு ஒரு புலம்பல், அப்பா கைப்பட எழுதியதற்குப் போகிற போக்கில் ஒரு வரி! தகரப் பெட்டி, அதுவும் பரண்மேல், அதுவும் காட்பாடியில். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது. அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றினால் ஆவி கிளம்புகிறது. அந்தத் தளத்துக்கு இரண்டடி கீழே நான்கு கோடையாக அவரை வேகவைத்திருக்கிறீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

கடையில் வாங்கிய சிடியும் வீட்டில் எழுதிய சிடி-ஆரும் ஒன்றல்ல. கடைச் சிடியில் பாட்டு, பிளாஸ்டிக்கிலேயே பள்ளம் பள்ளமாக அச்சாகியிருக்கும். சிடி-ஆரில் இருப்பது சாயப்பூச்சு. லேசர் சுட்ட இடம், சுடாத இடம், அவ்வளவுதான் எழுத்து. வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் அந்தச் சாயம் கெடும். கடைச் சிடி போனால் இன்னொன்று தேடி வாங்கலாம். அப்பா எழுதியதை எந்தக் கடையில் கேட்பீர்கள்?

2004-ல் என் தங்கச்சி கல்யாணத்தில் குடியாத்தம் அத்தை நலங்குப் பாட்டு பாடினார். பதிவு செய்தவர் ஒரு சிடி-ஆரில் போட்டுக் கொடுத்தார். மேற்கு ஜன்னலுக்கு எதிரே ஷோகேஸில் அதை நிறுத்திவைத்தோம். ஷோகேஸில் வைத்தால் மரியாதை என்று நினைப்பு. அம்மா அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் 'குடியாத்தம் அத்தை' என்று அழுத்தி எழுதியிருந்தார். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேல்பக்கம் மெல்லிய அரக்குப் பூச்சுதான், அதற்கு அடுத்தது கண்ணாடிபோல மின்னும் படலம். கீறல் விழக்கூடாத பக்கம் அதுதான். அத்தை காலமாகிப் பதினாறாம் நாள் போட்டுக் கேட்கலாமென்று எடுத்தோம். பிளேயர் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது, 'நோ டிஸ்க்' என்றது. டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அம்மாவின் எழுத்து அடிப்பக்கத்தில் இடவலம் மாறித் தெரிந்தது. 'த்' மேல் வைத்த புள்ளி வழியாக வெளிச்சம் வந்தது.

1982-ல் சிடி விற்பனைக்கு வந்தபோதே அதற்குள் பிழைதிருத்தும் கணக்கையும் வைத்துவிட்டார்கள். தடத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் தொடர்ந்து அழிந்தாலும் எழுத்து பிசகாமல் மீட்டுவிடும். அதையும் தாண்டினால் பிளேயர் முன்பின் பார்த்து ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாவிட்டால் சத்தத்தை அடைத்துவிடும். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் போயாக வேண்டும், சாதாரணப் பிளேயருக்கு நின்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. கம்ப்யூட்டர் டிரைவுக்கு அந்த அவசரம் இல்லை. படிக்க முடியாத இடத்துக்கே மெதுவாகத் திரும்பத் திரும்பப் போகும். நண்பர் ஒருவர் பழைய டிரைவில் ராத்திரி முழுக்க ஓடவிட்டு, நாற்பது நிமிடத்தில் மூன்று நிமிடத்தை எடுத்துக் கொடுத்தார். அத்தை மாப்பிள்ளையைக் கேலி செய்யும் இடம். அடுத்த அடிக்கு மூச்சை இழுக்கிறார், அதோடு சரி.

டிரான்ஸ்போர்ட் என்பது படிக்கிற கருவி, தம்பி. பெட்டியில் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஆடியோலேபில் முன்கூட்டியே படித்துச் சேர்த்துவைக்கும் பஃபர் உண்டு. கீறல் சிடிக்கள் அதிகம் என்றால் அதற்காக அதை வாங்கலாம். அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூவில் அப்பா எழுதியிருந்தால், அதில் லேசர் திரும்புவது கடைச் சிடியில் திரும்புவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. பழைய பிளேயர்கள் பல அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. வாங்குமுன் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

முதலில் பெட்டியை இறக்குங்கள். விடிகாலையில், தளம் ஆறியிருக்கும்போது. அப்பா கையெழுத்து இருப்பவற்றை மட்டும் தனியே எடுங்கள். தூசியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். தடத்தோடு போகும் கீறலைத்தான் மீட்பது கடினம். சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் படி எடுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். டிரான்ஸ்போர்ட் அடுத்த மாதமும் கடையில் இருக்கும்.

இறக்கியதும் எழுதுங்கள். எத்தனை படித்தது என்று மட்டுமல்ல, மேலே அவர் என்ன எழுதியிருக்கிறார் என்றும்.