முத்து முத்தான கையெழுத்து

அன்புள்ள அம்மா,

வணக்கம். என் பெயரும் கல்லூரியின் பெயரும் வெளியே தெரிய வேண்டாம். சொந்த ஊர் குமரி மாவட்டம். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வந்து ஒரு வருடம் ஆகிறது. உங்கள் கதைகளைப் படித்துவிட்டு ஆசையோடுதான் இங்கே இடம் எடுத்தேன். தகடூர், அதியமான், நடுகல் என்று மனதில் ஒரு சித்திரம் இருந்தது. வந்து பார்த்தால் குவாரிப் புழுதி, சுட்டெரிக்கும் வெயில், குடிக்கக் கேன் தண்ணீர்.

அதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். மாணவர்களைத்தான் தாங்க முடியவில்லை. முதலாமாண்டு வகுப்பில் சொந்தமாக நாலு வரி எழுதத் தெரிந்தவர் ஐந்து பேர் தேறமாட்டார்கள். எழுந்து பேசச் சொன்னால் வாயைக் கையால் பொத்திக்கொள்கிறார்கள். திங்கள்கிழமை வகுப்பு பாதி காலி. எட்டாம் வகுப்பு வரை எல்லோரையும் தேர்ச்சி போட்டு அனுப்பியதன் பலன் இது. என் பாட்டி படித்தது ஐந்தாம் வகுப்பு. இன்றும் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். இவர்கள் பட்டம் வாங்கப் போகிறார்கள்!

மாறுதல் வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் இந்த மண்ணின் மகள். என்ன சொல்கிறீர்கள்? இந்த மாவட்டத்தின் வரலாற்றை மாணவர்களுக்கு எளிமையாகச் சொல்லும் புத்தகம் ஏதாவது உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நீங்கள் சொல்லும் அதே பிள்ளைகளின் எழுத்தைப் போன மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெயில், புழுதி இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. வெயில் எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது. கேன் தண்ணீருக்கு மட்டும் ஒரு பதில் உண்டு.

வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். ஒரு வருடமாக அவர்கள் முன்னால் நிற்கிறீர்களே, அந்தக் கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கவனித்தீர்களா? பல் இருக்கிறது தம்பி. பழுப்புக் கறை ஏறிய பல். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. குழந்தையின் ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீர் உள்ளே போனால் பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. உங்கள் மாணவர்கள் 2007, 2008-ல் பிறந்தவர்கள். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். புகைப்படம் எடுக்கும்போதுகூட உதட்டைப் பிரிக்காமல் சிரிக்கும் பெண்பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று நீங்கள் முடிவு கட்டியது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

பேசத் தெரியாதவர்களா? அரூர்ப் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அந்த ஊருக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து வீடுகளைச் சூறையாடி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது வரலாற்று ஆசிரியரான உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மலையாளிப் பழங்குடிப் பெண்கள் அதிகாரிகளின் முகத்துக்கு நேராக நின்று சாட்சி சொன்னார்கள். 2011-ல் தீர்ப்பு வந்தபோது குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடப் படியை மிதித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவர்களுடைய பேத்திகள் வயதுப் பெண்கள்தான் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திங்கள்கிழமை வருவதில்லை என்பதை விடுங்கள். சனி, ஞாயிறு ஓசூரிலும் பெங்களூரிலும் கேட்டரிங் வேலைக்கோ சென்ட்ரிங் வேலைக்கோ போன பையன் ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் வந்து இறங்குகிறான். தூங்கட்டும். எட்டு வரை தேர்ச்சி போட்டதையும் விடுங்கள். எங்கள் ஊர்களில் ஒரு பெண் ஏழாம் வகுப்பில் தோற்றுப்போனால் அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சாகத்தான் இருக்கும். அவள் தோற்காமல் உங்கள் வகுப்பு வரை வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதைவிட நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. 2025-ல் முதலாமாண்டு சேர்ந்தவர்கள் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது ஏழாம் வகுப்பு. மறுபடி பள்ளிக்கூடம் போனது 2021 செப்டம்பரில், ஒன்பதாம் வகுப்புக்கு. நடுவில் எட்டாம் வகுப்பு என்று ஒன்று அவர்கள் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, சரி. அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார வீட்டில் யார் இருந்தார்கள்? பள்ளி இல்லாததால் பிள்ளைகள் பெற்றோரோடு புளி உலுக்கவும் மாங்காய் பறிக்கவும் போனார்கள்.

உங்கள் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நிஜமாகவே சொல்கிறேன், அந்த வயதில் பேப்பர் படிக்கும் ஒரு கிழவியும் எங்கள் தெருவில் இருந்ததில்லை. ஆனால் உங்கள் பாட்டி படித்தது எப்படி என்று நீங்கள் யோசிக்கவில்லையே! 1806-ல் ரிங்கல்தௌபே என்ற பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த மீட் பாதிரியார் நாகர்கோவிலில் பள்ளிக்கூடமும் அச்சகமும் வைத்தார். 1817-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணை போட்டார். தோளில் சீலை போடும் உரிமைக்காக உங்கள் ஊர்ப் பெண்கள் 1859 வரை அடிவாங்கிப் போராடினார்கள். பள்ளிக்கூடமும் அந்தப் போராட்டமும் ஒன்றையொன்று வளர்த்தன. அப்படி இருநூறு வருடம் சேர்த்த சொத்தை நீங்கள் பிறக்கும்போதே கையில் வாங்கிக்கொண்டீர்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் உங்கள் குமரி, 91.75 சதவீதம். கடைசி எங்கள் தர்மபுரி, 68.54. உங்கள் வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டில் தாத்தா, பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். அதற்கு அப்புறம் உங்கள் பாட்டியை அவர்கள் முன் அளவுகோலாக நிறுத்த உங்களுக்கே மனம் வராது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் இந்த மாவட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கான ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். தாள்கள் வீட்டுக்கு வந்தன. கட்டைப் பிரித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அப்படி ஒரு கையெழுத்து. முத்து முத்தாக, கோடு போட்ட மாதிரி நேராக, துணைத் தலைப்புகளுக்குக் கீழே கறுப்புப் பேனாவால் அடிக்கோடு. படிக்க ஆரம்பித்தேன். முன்னுரை எல்லாத் தாளிலும் ஒன்றே. மேற்கோள் ஒன்றே. ஒரு பெண் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள். வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. அது அவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவள் எழுதவில்லை, மனதுக்குள் இருக்கும் ஒரு பக்கத்தைப் பார்த்து வரைந்திருக்கிறாள். ‘இவண்’ என்று முடித்துக் கீழே பெயர் போட்டிருந்தாள், பெயருக்குச் சுற்றிலும் பூ.

அந்தப் பூவைப் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் அடுத்த தாளை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் அந்தப் பிள்ளை சளைக்காமல் உழைத்திருக்கிறது தம்பி. கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுது, நோட்டில் இருப்பதைப் பரீட்சையில் எழுது, தப்பு விட்டால் பத்துத் தடவை எழுது. சொன்னதையெல்லாம் செய்திருக்கிறது. ‘உனக்கு என்ன தோன்றுகிறது, அதை எழுது’ என்று மட்டும் ஒருவரும் ஒரு நாளும் சொல்லவில்லை. இப்போது நீங்கள் சொந்தமாக நாலு வரி கேட்கிறீர்கள், அது விழிக்கிறது. தயாராகாமல் வந்துவிட்டார்கள் என்கிறீர்கள். அவர்கள் நன்றாகத் தயார் செய்யப்பட்டவர்கள், பார்த்து எழுதுவதற்கு.

கல்லூரியில் கேட்டால் மேல்நிலைப் பள்ளியைக் கை காட்டுவார்கள். அங்கே கேட்டால் உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்து தொடக்கப் பள்ளி, பிறகு அங்கன்வாடி, கடைசியில் பெற்றோர். ஆளாளுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போகிறார்கள், நடுவில் பிள்ளை நிற்கிறது. உங்களிடம் முனைவர் பட்டம் இருக்கிறது, நெட் தகுதித் தேர்வில் தேறியிருக்கிறீர்கள், ஒரு வாக்கியம் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை இல்லை என்று நினைக்கிறீர்கள். அவர்களுக்கு முன்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கும் கடைசி ஆசிரியர் நீங்கள்தான். உங்கள் கையை விட்டு அவர்கள் போனால் ஓசூர் கம்பெனி கேட். அங்கே யாரும் எழுதச் சொல்லித் தரமாட்டார்கள்.

நான் பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரி. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. நான் கல்லூரி சேர்ந்தபோது என் கையெழுத்தும் முத்துதான். எங்களுக்குத் தமிழ் எடுத்தவர் தஞ்சாவூர்க்காரர். உங்களை மாதிரியே அவருக்கும் இந்த ஊர் பிடிக்கவில்லை. காவிரித் தண்ணீரில் வளர்ந்தவர், இங்கே கேழ்வரகுக் களியைப் பார்த்து முகம் சுளிப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலம் பஸ்ஸில் ஏறிவிடுவார். ஆனால் ஒரு காரியம் செய்தார். தினம் ஒரு வரி எழுதிக்கொண்டு வர வேண்டும், எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரியாக இருக்க வேண்டும் என்றார். முதல் நாள் எனக்கு ஒரு வரியும் வரவில்லை. சிம்னி விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். கடைசியில் எழுதியது: ‘எங்க ஊட்ல இன்னிக்கிக் களி கிண்டல.’

நோட்டு திரும்பி வந்தது. ‘ஊட்ல’ என்பதை அவர் திருத்தவில்லை. கீழே சிவப்பு மையில் ‘ஏன்?’ என்று மட்டும் இருந்தது. மறுநாள் எழுதினேன், மாவு இல்ல. மறுபடி ‘ஏன்?’ அப்பா பணம் அனுப்பல. ‘ஏன்?’ சாரம் சரிந்து விழுந்து அப்பாவுக்குக் கால் ஒடிந்ததை எழுதினேன். மேஸ்திரி கைக்காசு கொடுத்து ஊருக்கு பஸ் ஏற்றிவிடப் பார்த்ததை எழுதினேன். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு பக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் நான் யாரையும் பார்த்து எழுதவில்லை. எழுத்துப்பிழைகளை அவர் தொட்டது அதற்குப் பல மாதம் கழித்துத்தான். அப்போது திருத்தினால் வலிக்கவில்லை, ஏனென்றால் திருத்துவதற்கு என்னிடம் சொந்தமாக ஒன்று இருந்தது.

நீங்கள் முதல் வாரமே சிவப்புப் பேனாவை எடுத்து றகர ரகரத்தைச் சுழித்திருப்பீர்கள். செய்யாதீர்கள். பிழையோடு எழுதட்டும். எழுத ஆரம்பித்த பிள்ளையைத் திருத்தலாம். எழுதவே பயப்படும் பிள்ளையை எதை வைத்துத் திருத்துவீர்கள்?

எளிய வரலாற்றுப் புத்தகம் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. புத்தகம் கொடுத்தால் அதையும் அழகாகப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். தர்மபுரி நகரத்திலேயே அகழ்வைப்பகம் இருக்கிறது, நடுகற்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில் கிடைத்த கல்லைப் பற்றிச் சொல்லுங்கள். முதலாம் மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவன் ஒருவன், கருந்தேவக்கத்தி என்று பெயர். அவனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள், கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் செயலையும் பொறித்திருக்கிறார்கள். காஞ்சி அரசனின் ஆட்சியாண்டு, எருமை காத்தவனின் பெயர், நாயின் பெயர், நடந்த காரியம், அவ்வளவும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் காட்டில் ஒரு நாய்க்கு எழுத்து கிடைத்தது. உங்கள் மாணவியின் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை.

அதே அளவில் எழுதச் சொல்லுங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம், என்ன செய்தார். தாத்தாவைப் பற்றி எழுதட்டும், குவாரியில் கண் போன மாமாவைப் பற்றி எழுதட்டும், ஆட்டைப் பற்றி எழுதினாலும் சரி. வருடம் தெரியாவிட்டால் வீட்டில் போய்க் கேட்டு வரட்டும். ‘எம்.ஜி.ஆர். செத்த வருசம்’ என்று பாட்டி சொல்வாள். 1987 என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நீங்கள் ‘ஏன்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். பாடத்திட்டம் முடியாது என்று சொல்லாதீர்கள். நீங்கள் முடித்த பாடத்திட்டத்தில் அவர்களுக்கு என்ன மிஞ்சியது என்றுதான் எனக்கு எழுதியிருக்கிறீர்களே.

மாறுதலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கலந்தாய்வு வரும்போது விண்ணப்பம் போடுங்கள், ஊரில் வயதான பாட்டி இருக்கிறார். எங்கள் சாரும் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தவர்தான், அதற்காக இங்கே யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அதுவரை எத்தனை மாதம் கிடைக்கிறதோ அத்தனை மாதமும் அந்த நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

முதல் மாதத்து வரிகளைத் திருத்தாமல் அப்படியே நகல் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்புங்கள், முகவரியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நானும் என் கையால் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா