தூரத்துப் பறவையும் சின்ன சென்சாரும்

வணக்கம் ஐயா. என்னிடம் இருப்பது நிக்கான் பி900, லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமரா. பகலில் பறவைகள் நன்றாகவே வருகின்றன. பொழுது சாய்ந்தால் இறகெல்லாம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. நண்பர்கள் லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கச் சொல்கிறார்கள். படத்தின் தரத்தில் அவ்வளவு வித்தியாசம் இருக்குமா?

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கும். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

உங்கள் கேமராவின் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். ஏபிஎஸ்-சி என்ற சென்சார் அளவுள்ள டிஎஸ்எல்ஆரில் இது 23.5க்கு 15.6 வரை இருக்கும். பரப்பில் 12 மடங்குக்கும் மேல்! வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவு ஏறும், நாய்ஸ் என்ற புள்ளிப் புள்ளியான இரைச்சல் வரும். அதை அழிக்கப்போய் கேமரா இறகின் மெல்லிய வரிகளையும் சேர்த்து அழித்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் மெழுகு அதுதான். பி900 ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் பதிவு) தராது என்பதால் பிறகு நாமே சரிசெய்யவும் வழியில்லை.

தூரத்துப் பறவையின் கணக்கு வேறு. அங்கே லென்ஸின் திறப்புதான் பேசும். பி900இன் முழு ஜூமில் உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ., எஃப் 6.5. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள், திறப்பு 55 மி.மீ. டிஎஸ்எல்ஆர்காரர்கள் பலர் வாங்கும் 70-300 லென்ஸில், 300இல் எஃப் 5.6 என்றால் 54 மி.மீ. ஒரே ஷட்டர் வேகத்தில் பறவையிடமிருந்து இரண்டுக்கும் வரும் ஒளி கிட்டத்தட்ட ஒன்றே. அதோடு, உங்கள் முழு ஜூம் 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 2000 மி.மீ.; அந்தக் காட்சிக்குச் சமமாக டிஎஸ்எல்ஆர் படத்தை கிராப் செய்தால் 24 மெகாபிக்சலில் 1.2தான் மிஞ்சும். பெரிய சென்சாரின் பெரும்பகுதி வெறும் வானத்தைப் பிடித்திருக்கும். அதற்காக உங்கள் 16 மெகாபிக்சலும் முழு விவரம் தரும் என்று நினைக்க வேண்டாம். அத்தனை சின்ன பிக்சலில், எஃப் 6.5இல், திறப்பின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு கூர்மையைக் கரைத்துவிடும். ஆனாலும் கிளையில் அமர்ந்த பறவைக்கு, நல்ல வெயிலில், நான் பி900ஐத்தான் எடுப்பேன்.

பறக்கும் பறவை என்றால் யோசிக்கவே வேண்டாம், டிஎஸ்எல்ஆர்தான். ஃபோகஸ் பிடிக்கும் வேகத்தில் சூப்பர்ஜூம் பக்கத்தில்கூட வராது.

மாலை வெளிச்சம்தான் உங்கள் குறை என்றால் பாடியை மட்டும் பார்த்துக் காசை முடித்துவிடாதீர்கள். கூட வரும் 18-55 லென்ஸ் பறவைக்கு உதவாது. 150-600 போன்ற ஒன்றையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். 600இல் எஃப் 6.3 என்றால் திறப்பு 95 மி.மீ., ஒளி மூன்று மடங்கு. அப்புறம், அந்த லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ பக்கம் வரும். வாங்குமுன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு காலைப் பொழுது முழுக்கச் சுமந்து பாருங்கள்.